ஒதுக்கி வைத்த 15 தாள்கள்

குடிநோய் மறுவாழ்வு மையங்களில் ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். ஒளிஞ்சு குடிக்கிறது, ராத்திரி நடந்தது காலையில் மறந்துபோறது, எழுந்ததும் ஊத்திக்கிறது, கடைசியில் அதலபாதாளம். அங்கிருந்து மறுபடி ஏறுமுகம். இந்தப் படத்தோட பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கினார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். 1939-இல் வந்த அவர்களுடைய புத்தகத்தில் மனைவிமார்களுக்கென்று ஒரு அத்தியாயம். மனைவிகளே பேசுற மாதிரி எழுதினது யாருங்கறீங்க? சாட்சாத் பில் வில்சன்தான்! அவர் மனைவி லோயிஸ் தானே எழுதறேன்னு சொல்லியும் விடவில்லை. அந்தம்மாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். குடிக்கிறவன் புருஷன், அழறவ பொண்டாட்டி என்று அப்பவே முடிவாயிடுச்சு போல.

விஷயத்துக்கு வருவோம். 1945-இல் அந்த அமைப்பின் பத்திரிகை தன் வாசகர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தது. நிரப்பி வந்தவை 158. ஆராயச் சொல்லி யேல் பல்கலைக்கழகத்தின் ஜெல்லினெக்கிடம் கொடுத்தார்கள். அவர் 1946-இல் வெளியிட்ட ஆய்வு 98 ஆண்களை மட்டுமே வைத்துச் செய்தது. பெண்கள் எழுதின 15 தாள்கள்? ஆண்களுடையதோடு ஒத்துப்போகலை, தனியா ஆராயவும் எண்ணிக்கை போதாது என்று ஓரமாக வைத்துவிட்டார். புள்ளியியல்படி அது சரிதான், குறை சொல்ல முடியாது. ஆனா அப்புறம் இன்னும் நிறைய கேள்வித்தாள் சேர்த்து 1952-இல் அவர் விரிவாக எழுதினதும் ஆண்களை வைத்துத்தான். 1950-களிலேயே இங்கிலாந்தில் டாக்டர் மேக்ஸ் கிளாட் அதோடு மீட்சியின் ஏறுமுகத்தையும் சேர்த்துப் படமாக்கினார். 'இது ஆம்பளைங்க கதை' என்கிற அடிக்குறிப்பு மட்டும் வழியிலே எங்கேயோ உதிர்ந்துபோச்சு.

பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு. அதே எடை, அதே அளவு குடி என்றாலும் ரத்தத்தில் போதை கூடுதலாக ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும். ஊர்வாய்க்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே குடிக்கிறவளுக்கு, தெருவில் விழுகிற அந்த 'அதலபாதாளம்' வரவே வராது. அதனால் யாரும் வந்து தூக்கிவிடவும் மாட்டாங்க.

1970-களின் நடுவில் ஜீன் கிர்க்பாட்ரிக் பெண்களுக்கென்றே தனி அமைப்பு தொடங்கினார். தானும் குடிநோயிலிருந்து மீண்டவர். 'நான் சக்தியற்றவன், என் ஆணவத்தை விட்டேன்' என்பது ஆணுக்கு மருந்தாக இருக்கலாம், பிறந்ததிலிருந்து அடங்கு அடங்குன்னே கேட்டு வளர்ந்தவளுக்கு வேண்டியது தன்மானம் என்பது அவர் கட்சி. அதற்காகவே 13 வாசகங்கள் எழுதி வைத்தார். தன் பிரச்சினைக்குத் தானே பொறுப்பேற்பதுதான் அதில் முதல் படி.