குளிர்கால ஒளுவும் தோல் பேணலும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மார்கழியும் தை மாதமும் நம் பகுதியில் கடுங்குளிர் காலமல்ல. ஆயினும் மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை, சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தால் அந்தக் குளிர் தெரியும். தொட்டித் தண்ணீரில் ஒளு, வாடைக்காற்று, பிறகு நாள் முழுதும் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் சோப்பு. தோல் வெளுத்து, விரல் மூட்டுகளில் கீறலாக வெடிக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கோ குதிகாலில் பித்த வெடிப்பு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்த வெடிப்பே ஆறாத புண்ணுக்கு வாசலாகிவிடும். இதைப் பொறுத்துக்கொள்வதே இபாதத் என்று எண்ணுவோரும் நம்மில் உண்டு. நம் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்புக்கு அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) தலைமை தாங்கினார்கள். கடுங்குளிர் நிறைந்த ஓர் இரவில் அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. அக்குளிரில் குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குச் சுபுஹுத் தொழுகை நடத்தினார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்னும் கருத்துடைய இறைவசனத்தை நினைத்தே அவ்வாறு செய்ததாக அம்ர் (ரலி) விளக்கினார்கள். நபியவர்கள் சிரித்தார்களே தவிர, கண்டித்து ஒன்றும் சொல்லவில்லை. அபூதாவூத் தொகுப்பில் பதிவான இந்நிகழ்ச்சி, குளிரால் உடலுக்கு நேரும் கேட்டை மார்க்கம் பொருட்டாகக் கொள்கிறது என்பதற்குச் சான்று.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பயணத்தில் அஸர் நேரம் நெருங்கிவிடவே, தோழர்கள் அவசரமாக ஒளுச் செய்து, கால்களை ஈரக்கையால் தடவிவிட்டனர். நனையாத குதிகால்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் உரத்த குரலில் எச்சரித்தார்கள். ஆகவே சில்லென்று இருக்கிறது என்பதற்காக ஒளுவைக் குறைக்கவும் முடியாது; நீரைச் சூடாக்க வழியிருக்கும்போது தயம்முமும் கூடாது. சிரமத்திலும் முழுமையாக ஒளுச் செய்வதற்கு நன்மை உண்டு. ஆனால் சிரமத்தைத் தேடிச் செல்லச் சொல்லப்படவில்லை. வெந்நீர் கலந்து ஒளுச் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

எண்ணெய்க்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. ஒலிவ மரத்தை அருள்வளம் பெற்ற மரம் என்று சூரா அந்நூர் குறிப்பிடுகிறது. ஒலிவ எண்ணெயை உண்ணவும் உடலில் பூசவும் நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டிய செய்தி திர்மிதியில் உள்ளது. முஸ்லிம் மருத்துவர்கள் இதை விரிவாக வளர்த்தனர். அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கேலன், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தேன்மெழுகையும் எண்ணெயையும் நீரையும் குழைத்துச் செய்த பூச்சே இன்றைய கோல்ட் கிரீமின் மூதாதை. மெழுகும் எண்ணெயும் சேர்ந்த இவ்வகைப் பூச்சு அரபு மருத்துவத்தில் கைரூத்தி என்னும் பெயர் பெற்று, இன்றும் யூனானி மருத்துவத்தில் வழங்குகிறது. குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி (936–1013), தம் 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலில் 19ஆம் பாகத்தை அழகுப் பராமரிப்புக்கே ஒதுக்கினார். தோலைப் பேணுதல் அவருக்கு மருத்துவத்தின் ஒரு கிளை, வீண் ஆடம்பரமன்று.

சோப்பின் கதையும் இதனுடன் இணைந்ததே. நாப்லஸ் நகரில் ஒலிவ எண்ணெய், அலெப்போவில் ஒலிவ எண்ணெயுடன் லாரல் எண்ணெய் என்று தலைமுறைகளாகச் சோப்பு காய்ச்சுகின்றனர். இவ்விரு கைவினைகளையும் 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் வீடுகளுக்குப் பழகிப்போன ஹமாம் சோப்பு, 1931இல் டாட்டா ஆயில் மில்ஸ் வெளியிட்டது. அதன் பெயரே முஸ்லிம் நகரங்களின் குளியல் இல்லமான ஹம்மாமை நினைவூட்டுவது.

சோப்பு அழுக்கோடு தோலின் இயற்கைக் கொழுப்பையும் எடுத்துவிடுகிறது. நீரை உள்ளே தேக்கி வைப்பது அந்தக் கொழுப்புதான். கொதிக்கும் சூட்டில் கழுவினால் இழப்பு மேலும் கூடும். எனவே வெதுவெதுப்பான நீர் போதும். கழுவியபின் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றிலும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும்.

பூசிய எண்ணெய் ஒளுவைத் தடுக்குமா என்று பலர் தயங்குகின்றனர். தோலில் படலமாகப் படியாத எண்ணெய்ப் பசை ஒளுவுக்குத் தடையல்ல என்றும், வெடிப்புக்குள் மெழுகுபோல் உறைந்து நீரைத் தடுப்பதை நீக்க வேண்டும் என்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் விளக்குகின்றன. ஆகவே கெட்டியான களிம்பை ஒளுவுக்கு முன் துடைத்துவிட்டு, ஒளு முடிந்ததும் மீண்டும் பூசுவதே எளிய வழி. மருத்துவம் சொல்லும் ஈரத்தோல் நேரமும் அதுவே. இரவில் இஷாவுக்குப் பின் குதிகாலில் தாராளமாகப் பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கலாம். வெடிப்பில் இரத்தமோ சீழோ கண்டால், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், மருத்துவரைக் காணத் தாமதிக்கக் கூடாது. காயத்தில் நீர் படக்கூடாது என்று அவர் சொன்னால், அதற்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் குளிர்கால விடியலில் முதியோருக்குச் சிறிது வெந்நீர் ஏற்பாடு செய்தால் அது பெரும் நன்மையாகும். உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணி, முழுமையான ஒளுவுடன் தொழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.