செனட்டர்களுக்கு ஒரு வகுப்பு

1972-இல் அயோவா மாநிலத்தைக் குறுக்கே சுமார் 1,300 மைல் நடந்து வாக்குக் கேட்டு, அமெரிக்க செனட்டுக்குப் போனவர் டிக் கிளார்க். ஜனநாயகக் கட்சிக்காரர். ஆப்பிரிக்க விவகாரத் துணைக்குழுவின் தலைவராக இருந்து தென்னாப்பிரிக்க நிறவெறி அரசை விடாமல் எதிர்த்தார். 1978-இல் தோற்றுப்போனார். அவரைத் தோற்கடிக்கத் தன் நாட்டு அரசு ரகசியமாகப் பணம் இறக்கியது என்று தென்னாப்பிரிக்கத் தகவல் துறையின் முன்னாள் செயலாளர் எஸ்கெல் ரூடி பின்னர் சொன்னார். வென்றவர் அதை மறுத்தார்.

அந்தக் கிளார்க்தான் 1983-இல், ஆஸ்பன் இன்ஸ்டிடியூட்டில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அரசுப் பணம் கிடையாது. வெளிநாட்டுப் பணமும் கம்பெனிப் பணமும் கிடையாது. லாபி செய்பவர்களுக்கு உள்ளே இடமில்லை. செலவு முழுவதும் அறக்கட்டளைகளுடையது. உறுதியாகத் துணைநின்றவற்றுள் ஒன்று நியூயார்க்கின் கார்னகி அறக்கட்டளை. அதன் அன்றைய தலைவர் டேவிட் ஹாம்பர்க் ஒரு மனநல மருத்துவர்; அணு ஆயுதப் போரைத் தடுப்பதைத் தன் முதன்மையான வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டவர்.

ஒரு செனட்டரின் நாள் கமிட்டி, வாக்கெடுப்பு, தேர்தல் நிதி திரட்டல் என்றே கரைந்துவிடும். சிக்கலான விஷயத்தை விளக்க ஓடிவருகிறவர்களில் பலருக்கும் அதில் ஏதாவது ஆதாயம் இருக்கும். கிளார்க் கொடுத்தது அவகாசம். வாஷிங்டனை விட்டுத் தள்ளி ஓரிடத்தில் சில நாட்கள். இரு கட்சியினரும் ஒரே மேசையில். எதிரே அமெரிக்க, சோவியத் அறிஞர்கள். தீர்மானம் போடுவதில்லை, கூட்டறிக்கை விடுவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேள்வி கேட்க அரசியல்வாதிக்கு இப்படி ஓரிடம் கிடைப்பது அரிது. இந்தத் திட்டத்தின் உயிரே அதுதான் என்பேன்.

பலன் 1991-இல் தெரிந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்தது. அதன் அணுகுண்டுகள் யார் கைக்குப் போகும் என்று எவருக்கும் தெரியவில்லை. அவற்றைப் பாதுகாக்கப் பணம் தரும் முதல் யோசனை, எதிரிக்கு உதவியா என்ற கோபத்தில் நவம்பர் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஜனநாயகக் கட்சியின் சாம் நன், குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் லூகர் ஆகிய இரு செனட்டர்களும் கிளார்க்கின் கூட்டங்களில் பழகியவர்கள். கார்னகி நிதியில் ஹார்வர்டில் ஆஷ்டன் கார்ட்டர் குழு இந்த ஆபத்தைப் பற்றிச் செய்த ஆய்வை எடுத்துக்கொண்டு, நவம்பர் 21 காலை உணவுக்கு இரு கட்சி செனட்டர்களையும் அழைத்துப் பேசினார்கள். நான்கே நாளில், குண்டுகளைப் பாதுகாக்கப் பணம் தரும் சட்டத்தை செனட் 86-க்கு 8 என்று நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் வழியே 7,600-க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் மூன்றும் 1996-க்குள் அணு ஆயுதமற்ற நாடுகளாயின.

இதைச் சொல்வதால் அறக்கட்டளைப் பணம் எல்லாமே தூயது என்று ஆகிவிடாது. எந்தத் தலைப்பைப் பேசுவது, எந்த அறிஞரை அழைப்பது என்று முடிவுசெய்கிறவர்களின் கையிலும் அதிகாரம் உண்டு. ஆகவே யார் செலவில் யார் எங்கே போனார் என்பது மக்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஜாக் ஆப்ரமாஃப் லாபி ஊழலுக்குப் பின் 2007-இல் விதிகள் இறுகின: பிறர் செலவில் பயணம் போகும் உறுப்பினர் நெறிமுறைக் குழுவிடம் முன்அனுமதி வாங்கவும், செலவுக் கணக்கைப் பின்னர் பகிரங்கமாக வெளியிடவும் வேண்டும். ஆஸ்பன் கூட்டங்களுக்கும் இதே விதிதான்.