திருடனே ஏறுவானா, திருடனும் ஏறுவானா? ஒரு பாத்திர வகுப்பின் வரலாறு

மேசைக் கதைவிளையாட்டுகளில் புதிய பாத்திர வகுப்பு ஒன்று முன்மொழியப்படும்போது, மதிப்பிடுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒரே வினாதான்: இது மற்ற வகுப்புகளைவிட வலிமை மிகுந்ததா, குறைந்ததா? வகுப்பை ஏற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை இவ்வினா அளக்கிறது. அவ்வகுப்பை ஏற்காமல் அதே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் எதை இழக்கின்றனர் என்பதை அது அளப்பதில்லை. இரண்டாவது வினாவே முதன்மையானது என்பது என் வாதம். அதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது, 1975-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் இடம்பெற்ற ‘திருடன்’ என்னும் வகுப்பு.

இவ்விளையாட்டை அறியாத நண்பர்களுக்குச் சில சொற்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு இது. நடுவர் ஒருவர் நிலவறையை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். விளைவு ஐயத்துக்குரியதானால் பகடை உருட்டப்படும். ‘வகுப்பு’ என்பது பாத்திரத்தின் தொழில். எவ்வாறு போரிடலாம், எத்திறன்கள் உண்டு, எவ்வளவு விரைவில் மேல்நிலைக்குச் செல்லலாம் என்பவற்றை அதுவே வரையறுக்கிறது.

1974-ஆம் ஆண்டு நூல்களில் இருந்த வகுப்புகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. கதவுக்குப் பின்னால் ஒலி கேட்கிறதா என்று அறிய மனிதப் பாத்திரத்துக்கு ஆறுமுகப் பகடையில் 1 விழ வேண்டும். எல்ஃப், குள்ளர் முதலிய இனத்தார்க்கு 1 அல்லது 2 விழுந்தால் போதும். பொறி ஒன்றின் மேல் கால் வைத்தால், 1 அல்லது 2 விழும்போது அது இயங்கும். சுவரேறுவதற்குத் தனிவிதி இல்லை. பொருள் பட்டியலில் பத்தடிக் கழி, கயிறு, ஆணிகள் இருந்தன. தரையைக் கழியால் தட்டிப் பார்ப்பதாகவோ கயிற்றை மேலே வீசி ஏறுவதாகவோ ஆட்டக்காரர் சொல்வார். நடுவர் எண்ணிப் பார்த்து முடிவு சொல்வார். ஆகவே, விதி எழுதப்படாத செயல்கள் எல்லார்க்கும் பொதுவாக இருந்தன. அந்நூல்களிலேயே புதிய பாத்திரங்களைப் பற்றிய ஓர் அளவுகோலும் உண்டு: ஒருவர் ஏறத்தாழ எதுவாகவும் ஆடலாம், ஆனால் மெலிந்த நிலையில் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும். எனக்குத் தெரிந்தவரை வகுப்பு வடிவமைப்புக்கு அச்சில் தரப்பட்ட முதல் அளவுகோல் இது. இதுவும் வலிமையைப் பற்றியதே.

அம்மூன்றனுள் சமயகுருவே காலத்தால் பிந்தியவர். ஆர்னெசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் இரத்தக் காட்டேரியாக மாறிய ஒரு பாத்திரம் பெருவலிமை பெற்றுவிட, அதற்கு எதிர்நிற்க இவ்வகுப்பு தோன்றியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அதை முதலில் ஆடியவர் மைக் கார். இறந்தும் உலவும் உயிர்களை விரட்டுவது இவ்வகுப்பின் சிறப்புத் திறன். சமயகுரு வந்ததால் போர்வீரனோ மந்திரவாதியோ இழந்தது ஒன்றுமில்லை. ஏனெனில் அதற்கு முன் யாரும் அவ்வுயிர்களை அவ்வாறு விரட்டியதில்லை. இல்லாத ஒரு செயலை இவ்வகுப்பு ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது.

திருடனின் வரலாறு வேறு. கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரில் இருந்த ‘ஏரோ ஹாபீஸ்’ கடையைச் சார்ந்த விளையாட்டுக் குழுவிடமிருந்து இக்கருத்து கைகாக்ஸுக்குத் தொலைபேசி வழியே வந்தது. அவர் தமக்கேற்ற வடிவில் விதிகளை எழுதி, 1974-இல் ரசிகர் செய்தியிதழ் ஒன்றில் வெளியிட்டார். 1975-இல் ‘கிரேஹாக்’ என்னும் துணைநூலில் அவ்வகுப்பு முறையாக இடம்பெற்றது. பூட்டுத் திறத்தல், சிறு பொறிகளை அகற்றல், ஒலி கேட்டல், ஓசையின்றி நகர்தல், நிழலில் மறைதல், பையிலிருந்து களவாடல், ஏறத்தாழச் செங்குத்தான பரப்பில் ஏறல் ஆகியவை அவனுடைய திறன்கள். இவற்றுள் பெரும்பாலானவை அதுவரை எவரும் முயன்று பார்க்கக்கூடிய செயல்கள். ஆக, ஏற்கெனவே பொதுவில் இருந்த செயல்களுக்குப் பெயர் சூட்டி ஒரு வகுப்பின் பெயரில் பதிவு செய்தது இவ்வகுப்பு.

மொழியியல் மாணவனாக என்னை ஈர்ப்பது இங்கு எழும் பொருள்கோள் சிக்கல். ‘திருடன் சுவரேறுவான்’ என்று விதி சொல்கிறது. போர்வீரன் ஏறுவானா என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. இவ்வமைதியை இருவகையாக நிரப்பலாம். ‘திருடனே ஏறுவான்’ என்று கொண்டால், அவ்வேகாரம் பிரிநிலை, மற்றவர்கள் விலக்கப்படுகின்றனர். ‘திருடனும் ஏறுவான்’ என்று கொண்டால், அவ்வும்மை எச்சம் தழுவியது. மற்றவர்களும் ஏறுவர் என்பது உள்ளடங்கியிருக்கிறது. விதி எழுதப்பட்ட ஆங்கிலத் தொடரில் இவ்விரண்டனுள் எதுவும் இல்லை. ஆயினும் ஆட்டக்காரர் பலர் பிரிநிலையாகவே படித்தனர். இது வியப்பன்று. ஒன்றை எடுத்தோதினால் ஓதாதது விலக்கப்பட்டது எனக் கொள்ளும் வழக்கம் சட்ட விளக்கத்திலும் உண்டு. இந்திய நீதிமன்றங்களும் அந்நெறியை எச்சரிக்கையோடுதான் கையாளுகின்றன. மேசையைச் சுற்றி ஆடுவோரிடம் அவ்வெச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. போர்வீரன் ஏறட்டும் என்று நடுவர் விட்டுவிட்டால், திருடனை ஆடுபவர் தம் உரிமை பறிபோனதாகக் கருதுவார். விதி சொல்லாத விலக்கை மேசையின் நாகரிகமே சொல்லிவிடும்.

இவ்விதிகளைப் பிற்காலத்தில் ஆதரித்து எழுதியோர் சுட்டும் ஒரு நுட்பம் உண்டு. மூலநூல் வெறும் சுவரேறலைச் சொல்லவில்லை, செங்குத்தான பரப்பில் ஏறலைச் சொன்னது. எல்லாப் பொறிகளையும் சொல்லவில்லை, நச்சூசி போன்ற சிறு பொறிகளைச் சொன்னது. நம் இலக்கண மரபில் சொன்னால், இவ்வடைமொழிகள் இனஞ்சுட்டியவை. ‘செந்தாமரை’ என்னும்போது வெண்தாமரையும் உண்டு என்பது பெறப்படுவதுபோல, ‘செங்குத்தான சுவர்’ என்னும்போது மற்றச் சுவர்கள் வேறாக நிற்கின்றன. அவை எல்லார்க்கும் உரியவை. ‘செஞ்ஞாயிறு’ என்பதைப் போல இவ்வடைகளை இனஞ்சுட்டாதனவாகப் படித்ததுதான் பிழை என்பது அவர்களின் வாதம்.

வாதம் அழகானது, ஆனால் நூல்களின் வளர்ச்சி அதற்குத் துணை நிற்கவில்லை. 1975-இல் பொறியை அகற்றல் மட்டுமே திருடனுக்குரியதாக இருந்தது. 1978-இல் வெளிவந்த மேம்பட்ட பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் பொறியைக் கண்டறிதலும் அவனிடம் சேர்ந்தது. அந்நூலின் அட்டவணையில் ஏறல் திறனின் தலைப்பு ‘சுவரேறல்’ என்றே இருக்கிறது. பொறிகள் சிறியவை, இயந்திர வகையானவை என்னும் வரையறை விளக்கப் பகுதியில் எஞ்சியிருந்தும் தலைப்பில் இல்லை. ஆட்டத்தின் நடுவே எல்லார் கண்ணும் செல்வது அட்டவணைக்குத்தான். அடைமொழி உதிர்ந்தது, அதனோடு எல்லையும் உதிர்ந்தது.

விலக்கப்பட்டவர்கள் இழந்ததைத் திருடன் பெற்றானா என்றால், அதுவும் இல்லை. 1981-ஆம் ஆண்டு அடிப்படை நூலின்படி முதல் நிலைத் திருடன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு, நிழலில் மறையும் வாய்ப்பு 10 விழுக்காடு, பொறியைக் கண்டறியும் வாய்ப்பும் 10 விழுக்காடு. சுவரேறல் மட்டும் 87. அதே நூலில், உரிய இடத்தில் தேடும் எந்தப் பாத்திரத்துக்கும் பொறி தென்படும் வாய்ப்பு ஆறில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு. குள்ளருக்கு ஆறில் இரண்டு. பொறி தேடுவதையே தொழிலாகக் கொண்டவன், தொடக்கத்தில் அத்தொழில் இல்லாதவனைவிடத் திறன் குறைந்தவன்! இரண்டாம் நிலையை எட்டப் போர்வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளிகளும் மந்திரவாதிக்கு 2,500 புள்ளிகளும் தேவைப்பட, திருடனுக்கு 1,200 போதும் என்பது இதற்கு ஈடாக வைக்கப்பட்டது. வலிமைக் கணக்கு ஒருவாறு சமன் ஆகியிருக்கலாம். எனினும் பொதுவில் இருந்த செயலை ஒருவனுக்கென ஒதுக்கிவிட்டு, அவனையும் அதில் பெரும்பாலும் தோற்கச் செய்யும் அமைப்பில் குழு முழுவதும் இழக்கிறது. வலிமையை மட்டும் அளக்கும் மதிப்பீட்டில் இவ்விழப்பு தெரிவதே இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் விவரித்துச் சொல்லி நடுவரை இணங்கவைக்கும் பழைய முறை, சொல்வன்மை உடையவருக்கே சாதகமானது. கூச்சமுடையவர், விளையாட்டின் மொழியில் சரளமில்லாதவர், நடுவருக்கு நெருக்கமில்லாதவர் ஆகியோர்க்கு அட்டவணையில் எழுதப்பட்ட 15 விழுக்காடு ஓர் உரிமை. நடுவரின் மனப்போக்கு அதைப் பறிக்க இயலாது. ஆங்கிலத்தில் நடக்கும் ஆட்டமொன்றில் அமரும் இந்திய மாணவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. மேலும், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ் ஆகியோரின் கதைகளில் வரும் தந்திரக்காரக் கள்வர்களைப் போல ஆட விரும்பியவர்களுக்கு அதுவரை இடமில்லை. இவ்வகுப்பு ஐம்பது ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கு இவ்விரண்டு காரணங்களும் போதும். திறனுக்கு எண் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. எண் கொடுக்கும்போது ‘ஏ’, ‘உம்’ என்னும் தெளிவைக் கொடுக்காததே குறை.

பின்வந்த பதிப்புகளை இத்தெளிவைத் தேடிய முயற்சிகளாகப் படிக்கலாம். 1981-ஆம் ஆண்டு அடிப்படை நூலின் இறுதிப் பகுதியில் நடுவர்க்கு ஓர் அறிவுரை உண்டு: விதி சொல்லாத செயலை எவரேனும் முயன்றால், அவருடைய பண்பெண்ணை இருபதுமுகப் பகடையோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். தொல்காப்பியம் இயல்களின் இறுதியில் வைக்கும் புறனடையை ஒத்தது இது. எடுத்தோதாதவற்றையும் ஓதிய நெறியின்வழி அடக்கிக்கொள்ளும் வாயில். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஏறலையும் மறைதலையும் எல்லா வகுப்புகளும் கற்கக்கூடிய பொதுத்திறன்கள் ஆக்கியது. ஆனால் கடினஅளவு 20-க்கு மேற்பட்ட பொறிகளைத் தேடிக் கண்டறிவதை, ‘ரோக்’ எனப் பெயர் மாறிய அப்பழைய திருடனுக்கே ஒதுக்கியது. அங்கே பிரிநிலை ஏகாரம் வெளிப்படையாகவே எழுதப்பட்டது. 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் அவ்வொதுக்கீடும் நீங்கியது. எவரும் முயலலாம், ரோக் தான் தேர்ந்த சில திறன்களில் பயிற்சிக்குரிய கூட்டெண்ணை இரட்டிப்பாகப் பெறுவார். இப்போது ‘மற்றவரும் ஏறுவர், இவர் நன்றாக ஏறுவார்’ என்பதே விதியின் பொருள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஐந்தாம் பதிப்புக்காக 2017-இல் விரிவான வடிவில் சோதனைக்கு விடப்பட்ட ‘மிஸ்டிக்’ என்னும் மனவலிமை வகுப்பு, பல வகுப்புகளின் பணிகளைத் தானே செய்யக்கூடியதாக இருந்தது. பிற வகுப்புகளின் எல்லைக்குள் அது நுழைகிறது என்பது அது கைவிடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. திருடன் பொதுவில் இருந்ததை வேலியிட்டான் என்றால், மிஸ்டிக் பிறர் வேலிகளைத் தாண்டியது. இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் அவ்வகுப்பை ஆடாதவரே.

ஆகவே, புதிய வகுப்பு ஒன்றை மதிப்பிடுவோர் வலிமைக் கணக்குக்கு முன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஒன்று: இவ்வகுப்பின் ஒவ்வொரு திறனும் ஆட்டத்தில் இல்லாத செயலைக் கொண்டுவருகிறதா, இருந்த செயலைப் பிரித்தெடுக்கிறதா? இரண்டு: பிரித்தெடுக்கிறது என்றால், எல்லையைக் காட்டும் அடைமொழி விளக்கத்தில் மட்டும் உள்ளதா, ஆட்டக்காரர் பார்க்கும் தலைப்பிலும் உள்ளதா? மூன்று: அவ்வகுப்பைச் சேராதவர் அதே செயலை முயன்றால் என்ன நிகழும் என்பதற்குப் புறனடை உண்டா, அப்புறனடை அவ்வகுப்பினரையே மிஞ்சிவிடாமல் அமைந்துள்ளதா? 1975-ஆம் ஆண்டுத் திருடன் முதல் வினாவிலும் மூன்றாம் வினாவிலும் தோற்கிறான். இரண்டாம் வினாவில் 1978-இல் தோற்றான்.

ஒரு செயலுக்குப் பெயரிட்டு அதை ஒரு தொழிலாருக்கு உரியதாக்கும்போது, மற்றவர்கள் அதுவரை செய்துவந்தது என்ன ஆகிறது என்பது சமூகவியலாளர்க்குப் பழகிய வினா. சமூகத்தில் அம்மாற்றம் நிகழத் தலைமுறைகள் ஆகலாம். இவ்விளையாட்டில் அது மூன்றே ஆண்டுகளில், அச்சிட்ட அட்டவணைகளின் வழியே நிகழ்ந்திருக்கிறது. விதிமொழியின் பொருள்கோளை ஆராய்வோர் இத்துறையைக் கவனிக்க இதுவே போதிய காரணம். வேறு விளையாட்டுகளிலிருந்து எதிர்ச்சான்றுகள் தரக்கூடியவர்கள் தந்தால் இவ்வளவுகோலைத் திருத்திக்கொள்ள உதவும்.