திருநல்லத்துக் கண்டராதித்தர் உருவம்

காவிரித் தென்கரைத் தலங்களுள் ஒன்றாகிய திருநல்லம் இன்று கோனேரிராசபுரம் என வழங்குகின்றது. அங்குள்ள உமாமகேசுவரர் கோயிற் கருவறைத் தென்புறச் சுவரில், இலிங்கத்தைத் தொழும் ஒருவருடைய சிறிய புடைப்புருவம் செதுக்கப்பெற்றுள்ளது. அதனைச் சார்ந்த கல்வெட்டு, மதுராந்தகரான உத்தமசோழர் அரசு புரியும் நாளில் அவர்தம் அன்னையார் மாதேவடிகள் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் இக்கோயிலைக் கற்றளியாக்கினார் என்றும், ஈண்டுத் திருவடி தொழுவாராக எழுந்தருளுவிக்கப்பெற்றவர் அக்கண்டராதித்தரே என்றும் அறிவிக்கின்றது. இன்னார் உருவம் இதுவெனக் கல்லே கூறும் இடங்கள் சோழர் கலையில் மிகச் சில. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் இராசராசரையும் கருவூர்த்தேவரையும் காண்பார்க்கும் இத்தகைய எழுத்துச் சான்று இல்லை.

ஒன்பதாந் திருமுறையில் தில்லைமேல் திருவிசைப்பாப் பாடிய கண்டராதித்தரும் இவரும் ஒருவரோ என்பது ஆராய்தற்குரியது. ஏனெனில், உத்தமசோழர் மைந்தர்க்கும் கண்டராதித்தர் என்பதே பெயர். முதல் இராசராசர் காலத்தில் கோயிற் காரியங்களை ஆராய்ந்தவர் அவர். ஆயினும், பதிகத்தார் தம்மைக் கோழிவேந்தர் எனவும் தஞ்சையர்கோன் எனவும் கூறிக்கொள்கின்றார். முடிசூடாத பேரர்க்கு இவை பொருந்தா. எனவே, பாடியவர் முதற் பராந்தகர் மகனாராகிய அரசரே என்பது என் துணிபு. திருநல்லத்து உருவம் ஒரு நூலாசிரியரின் உருவமாதல் இதனாற் பெறப்படும்.

அவர் அரசெய்திய காலம் சோழர்க்கு நற்காலம் அன்று. கி. பி. 949-இல் தக்கோலத்தில் தமையனார் இராசாதித்தர் பட்டார். தொண்டைநாடு இராட்டிரகூட மூன்றாங் கிருட்டிணன் கைப்பட்டது. கண்டராதித்தர் ஏறத்தாழ 957 வரை ஆண்டார். மகனார் இளஞ்சிறாராதலின், அரசுரிமை தம்பி அரிஞ்சயர்க்கும் அவர் மகன் சுந்தரசோழர்க்கும் சென்று, ஏறத்தாழ 970-இற்றான் உத்தமசோழரை அடைந்தது.

ஆகவே, அரசர் மறைந்து பத்தாண்டிற்கும் மேலாகச் செதுக்கிய இவ்வுருவத்தில் முகச்சாயலைத் தேடுதல் வீண். கற்றளியை எடுப்பித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனின் பெயரும், அவன் பெற்ற இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டமும் கல்வெட்டால் தெரிகின்றன. உருவம் அமைத்த சிற்பியின் பெயரோ கிடைத்திலது. (கட்டினவன் பெயர் நிற்கச் செதுக்கினவன் பெயர் மறைதல் நம் கோயில்களிற் புதுமையன்று.)

இதனைக் கணவரை இழந்த தேவியாரின் பத்திச்செயல் என்ற அளவில் நிறுத்துவார் உளர். அஃது அமையாது. மறைந்த கணவர் பெயரும் ஆளும் மகன் பெயரும் ஒரே கல்வெட்டிற் சேர்க்கப்பெற்றமை நோக்கற்பாலது. நெடுநாள் கிளைவழிச் சென்ற உரிமை மீண்டதை அது ஊரறிய நாட்டுகின்றது. எனினும், அரசுரிமைக்குச் சான்றாக நிறுவிய உருவத்தைப் போர்க்கோலத்திலோ அரியணையிலோ வையாது தொழுகைக் கோலத்தில் வைத்தார் தேவியார். கல்வெட்டுக்கள் அவ்வரசரை ‘மேற்கெழுந்தருளின தேவர்’ எனக் குறிப்பதும் ஈண்டு நினைக்கத்தகும். அத்தொடர் அவர் மறைவைக் குறிக்குமோ மேற்றிசைச் செலவைக் குறிக்குமோ என்பதில் அறிஞர் வேறுபடுவர். பதிகத்தைப் பற்றித் திருநல்லத்துக் கல் ஒரு சொல்லும் கூறவில்லை. ஒன்பதாந் திருமுறை தொகுக்கப்பெறாத காலம் அது.