இரண்டே இரண்டு குழல்கள்: பித்தப்பை அறுவையில் ஒரு பாதுகாப்பு நெறி உருவான கதை

பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் கையில் தொடங்கியது. அடுத்த நூறாண்டுகள் அதன் அடிப்படை மாறவில்லை. வயிற்றைத் திறப்பார்கள், விரலால் தடவி நாளங்களை அறிவார்கள், கட்டி அறுப்பார்கள். சிறு துளை வழியே கருவி செலுத்தித் திரையில் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபி வந்து விரல் விலகிய பிறகு, விரல் தந்த உறுதியை எதிலிருந்து பெறுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் பலருடைய பித்தநாளம் அறுபட்டுவிட்டது.

உள்நோக்கும் கலை பழையது. 1901இல் கெயோர்க் கெல்லிங் நாயின் வயிற்றில் காற்றைச் செலுத்தி உள்ளே நோக்கினார். 1910இல் ஸ்டாக்ஹோமின் யாகோபேயஸ் மனிதரிடம் செய்ததை வெளியிட்டார். 1980இல் கீல் நகரப் பெண்நோய் மருத்துவர் குர்ட் ஸெம் இவ்வழியில் குடல்வாலை எடுத்தபோது பொது அறுவை மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1985 செப்டம்பர் 12 அன்று பொப்ளிங்கனில் எரிச் மூஹே பித்தப்பையையே எடுத்துவிட்டார். மறு ஆண்டு ஜெர்மன் அறுவை மாநாட்டில் அவர் அதைச் சொன்னபோது வரவேற்பில்லை. 1987இல் லியோனில் பிலிப் மூரே செய்ததுதான் பாரிஸ், போர்தோ வழியாகப் பரவியது. 1990இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் தொடங்கிவைத்தார்.

பிறகு வெள்ளம். இரண்டு மூன்று நாள் வகுப்பு, பன்றியிடம் கொஞ்சம் பழக்கம், திங்கட்கிழமை நோயாளி. புது மருந்தென்றால் ஒப்பீட்டு ஆய்வின்றி இப்படிக் கடைக்கு வந்திருக்குமா? திறந்த அறுவையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த பித்தநாளக் காயம், தொடக்க ஆண்டுகளின் லேப்ராஸ்கோபியில் ஏறத்தாழ ஐந்தானது. 1992இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை, மேற்பார்வையில் 15 அறுவைகளாவது செய்தவருக்கே அனுமதி என்றது. இது அலுவலகம் தரக்கூடிய விடை. பதினாறாவது நோயாளியின் வயிற்றில் எதைப் பார்த்தபின் வெட்டுவது என்று அது சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க். 1995இல் அவரும் சகாக்களும் முன்வைத்த ‘கிரிட்டிகல் வியூ ஆஃப் சேஃப்டி’, அதாவது பாதுகாப்புக்கு இன்றியமையாத காட்சி, மூன்றே நிபந்தனைகள் கொண்டது. பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலான முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் நுழைவன இரண்டே இரண்டு, அதாவது ஒரு நாளமும் ஒரு தமனியும் எனக் கண்ணால் காண வேண்டும். அதுவரை நாளத்தை மூடும் கிளிப் போடக் கூடாது. ‘இதுதான் பித்தப்பை நாளம்’ என்று ஊகித்துத் தொடங்கும் பழைய முறையை இது தலைகீழாக்கியது. மற்ற எதுவும் இல்லையென்று ஆனபின்பே பெயர் சூட்டப்படும்.

இதன் அருமை 2003இல் விளங்கிற்று. லாரன்ஸ் வேயும் குழுவினரும் 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்தபோது, 97 விழுக்காட்டின் முதற்காரணம் காட்சி மயக்கம் எனத் தெரிந்தது. பித்தப்பையை இழுத்துப் பிடிக்கையில், குடலுக்குப் பித்தம் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் அதனோடு நேர்கோட்டில் வந்துவிடும். தட்டைத் திரையில் பார்ப்பவர் அதையே பித்தப்பை நாளம் என்று முழு நம்பிக்கையோடு வெட்டுவார். கை தவறவில்லை, கண் தவறியது. பதினைந்து என்ற எண்ணிக்கையால் இதைத் தடுத்திருக்க முடியாது.

பித்தப்பை அழற்சிக்கான 2018இன் டோக்கியோ வழிகாட்டி இன்னும் ஒரு படி போனது. அழற்சியால் அந்தக் காட்சி கிடைக்காவிட்டால் பித்தப்பையின் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிடுவதும், வயிற்றைத் திறப்பதும் அதில் ஏற்கப்பட்ட வழிகள்.