திறந்தவெளிப் பாதுகாப்பு: தாம்பரம், தென்சென்னைப் புறநகர்

மனையாகக் கூடாத நிலம் எது என்பதை இப்பகுதியில் தீர்மானிப்பவை முழுமைத் திட்டம், மனைப்பிரிவு விதி, வனத்துறை அறிவிக்கை ஆகியவை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் (2008) வேளாண் மண்டலத்தையும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையும் தனியே குறித்தது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். பூங்காவுக்கு அது உதவும், வயலைக் காக்காது.

மண்டலத்தை மாற்றக்கோரி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆகவே வரைபட வண்ணம் மட்டும் உறுதியான காவலன்று.

பள்ளிக்கரணை வேறு கதை. செம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கு சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. பெருங்குடிக் குப்பைமேடும் கட்டடங்களும் சதுப்பைத் தின்றன. பறவைகளையும் நீர்வழிகளையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்ய, குடியிருப்போர் போராட, 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. மிகத் தாமதமான முடிவு. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

பட்டா வயல்களுக்கு இத்தகைய அரண் இல்லை. 2021இல் மாநகராட்சியான தாம்பரத்தைச் சுற்றி அவையே வேகமாக மனையாகின்றன.