மின்னேரியா தேசியப் பூங்கா

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் இடையே 8,889 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள இப்பூங்கா, வறட்சிக் காலத்தில் காட்டு யானைகள் பெருந்திரளாகக் கூடுமிடம் என்ற வகையில் உலகப் பிரசித்தி பெற்றது. காண்போர் இதனை இயற்கையின் தனிச் சிருஷ்டியென்றே எண்ணுவர். ஆயினும் இதன் சரித்திரம் மனிதன் வெட்டிய ஒரு குளத்தின் சரித்திரமேயாகும்.

அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட மகாசேன மன்னன், 3ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்தில், எலஹெரக் கால்வாயின் வழியே அம்பன் கங்கையின் நீரைக் கொணர்ந்து இக்குளத்தை நிரப்பினான். பௌத்த மடமான மகாவிகாரத்துக்கு அவன் இழைத்த தீங்கைக் கண்டிக்கும் பழஞ்சரித்திர நூலான மகாவம்சமே, அவன் பதினாறு குளங்களைக் கட்டியதையும் மறைக்காமல் கூறுகின்றது. குடியானவர்களோ அவனை மின்னேரித் தெய்வமாகவே வணங்கலாயினர். பிற்காலத்தில் பொலன்னறுவை இராச்சியம் வீழ்ச்சியுற, பராமரிப்பாரின்றிக் குளங்கள் சிதைந்தன. வயல்களைக் காடு மூடிற்று. மலேரியாவுக்கு அஞ்சி மனிதர் ஒதுங்கிய பிரதேசத்தில் யானைகள் தடையின்றி உலாவின. எனினும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வேட்டையை விநோதமாகக் கொண்டு, இத்தீவின் யானைகளை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தினர். பயிருக்குப் பகையென்று கூறி, கொன்றவர்க்கு அரசாங்கமே சன்மானமும் வழங்கிற்று.

1903இல் குளம் புனருத்தாரணம் செய்யப்பட்டது. 1930களில் குடியேற்றத் திட்டம் தொடங்க, உழவர் மீண்டும் வந்தனர். 1938இல் சரணாலயமாக்கப்பட்ட இவ்வனம், 1997 ஆகஸ்ட் 12இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

வடகீழ்ப் பருவமழையால் நிரம்பும் குளம், வயல்களுக்கு நீர் பாய்ச்சப்படுவதனால் ஆனி, ஆடி மாதங்களில் வற்றத் தொடங்க, ஈரமான படுகையில் பசும்புல் தளிர்க்கும் வேளையில், சூழவுள்ள காடுகளெங்கும் புல் கருகிக் கிடக்கும். பாலையும் முதிரையும் வீரையும் அடர்ந்த அக்காடுகளிலிருந்து பிற்பகலில் வெளிப்படும் யானைகள், சில வேளைகளில் முந்நூறுவரை திரள்கின்றன. முன்னங்காலின் நகத்தால் புல்லின் அடியைத் தட்டிப் பெயர்த்து, துதிக்கையால் சுருட்டியெடுத்து, மண் உதிருமட்டும் காலில் அடித்த பின்னரே அவை வாயிலிடும். தாயின் வயிற்றடியில் நிற்கும் கன்று, அவ்வித்தையைப் பார்த்துப் பயிலும். தந்தமுடைய களிறு இத்தீவில் அபூர்வமாதலால், கொம்பனைக் கண்டவர் பாக்கியசாலிகளே.

அம்பன் கங்கைக்குக் குறுக்கே கட்டப்பட்டு 2018இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து கோடையிலும் நீர் வருவதனால், அண்மைக் காலத்தில் சில ஆண்டுகளில் புல்வெளி மூழ்கி, யானைகள் வேறிடம் நாடிச் சென்றதுண்டு. நீரைத் திறப்போரும் வனத்தைக் காப்போரும் முன்கூட்டியே கலந்து, புல் தளிர்க்கும் மாதங்களில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைப்பதே இதற்குரிய பரிகாரம். உழவர்க்கு நீர் வேண்டாமென்று எவரும் சொல்லார், ஆனால் காலமறிந்து விடுவதில் இருசாராருக்கும் நட்டமில்லை.

யானைகளைக் காண விழைவோர் ஜூலை முதல் அக்டோபர் வரையுள்ள காலத்தில், பிற்பகலில் ஜீப்பில் செல்லுதல் நலம். குளம் நிறைந்திருப்பின், 2002இல் தேசியப் பூங்காவான அண்டைக் கௌடுல்லைக்குச் செல்வதே தக்கது.